தீ பட்ட மரமும் பட்ட மரமும்

காடு எரிகிறது என்பதை எனக்கு முதலில் தெரிவித்தவை பருந்துகள். அடையாற்றுப் பாலத்தின் நடுவில் குடையை ஊன்றி நின்று எண்ணினேன். பதினேழு. கத்திரி வெயிலில் பதினேழு பருந்துகள் ஒரே இடத்தில் வட்டமிடுவதற்கு நல்ல காரணம் எதுவும் இருக்க முடியாது. செத்த மாடாக இருக்கும் என்றார் பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர். ஒரு மாட்டுக்குப் பதினேழு அதிகம் என்று எனக்குப் பட்டது. கொஞ்ச நேரத்தில் புகை எழுந்தது. நெருப்புக்குத் தப்பி எகிறிய வெட்டுக்கிளிகளைப் பருந்துகள் புகைக்குள் பாய்ந்து பிடித்துத் தின்றுகொண்டிருந்தன.

அது யுத்த காலம். ஆற்றுக்குத் தெற்கே ஒரு பழைய பங்களாவைச் சேர்ந்த புதர்க்காடு அது. பட்டணத்தில் குண்டு விழும் என்ற பீதியில் சொந்தக்காரர்கள் வெளியூர் போனவர்கள், திரும்பவில்லை. பங்களா பூட்டிக் கிடந்தது. காட்டை ஒரு காவல்காரர் பார்த்துக்கொண்டார். கேட்டுக்குப் பக்கத்தில் அவருடைய ஓலைக் குடிசை. அதில் அவரும் அவர் மனைவியும் இரண்டு ஆடுகளும். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். வீடு மந்தைவெளியில். காலைப் பூசை முடிந்ததும் மாதா கோவிலிலிருந்து நேரே பாலத்தைத் தாண்டி அந்தக் காட்டு மதில்வரை நடந்துவிட்டு வருவேன். சர்க்கரை வியாதிக்கு அது நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் எல்லோருக்கும் அதையேதான் சொல்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

தீ எப்படிப் பிடித்தது என்று மூன்று பேரைக் கேட்டேன். நான்கு பதில்கள் கிடைத்தன. ரோட்டில் போன சிப்பாய் வீசிய சிகரெட் என்றார் ஒருவர். தேன் எடுக்க வந்தவன் மூட்டிய புகை என்றார் இன்னொருவர். மூன்றாமவர், ஜப்பான் விமானத்துக்கு யாரோ அடையாளம் காட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, நான் கிளம்பும்போது என் காதோடு காதாக, மாம்பலத்து விறகுத் தொட்டிக்காரர் பெயரையும் சொன்னார். விறகு அகப்படாத நாட்கள் அவை. அந்தத் தொட்டிக் கடையில் ஈர விறகைத்தான் எடை போடுவார்கள். வீட்டுக்கு வந்து நான் திரும்ப எடை போட்டுப் பார்த்திருக்கிறேன். ஆகவே நான்காவது பதில்தான் எனக்குப் பிடித்திருந்தது.

தீ அணைந்த சில நாட்களில் அந்தத் தொட்டிக்காரரே வந்தார். பங்களாவின் காரியஸ்தரும் அவரும் ஒரே ஜட்காவில் வந்து கேட்டருகே இறங்கினார்கள். காரியஸ்தர் மயிலாப்பூர்க்காரர். நான் மதில் நிழலில் நின்றிருந்தேன். ஒட்டுக் கேட்கவில்லை, அவர் குரல் அப்படி.

"தீயிலே பட்ட மரத்தையெல்லாம் வெட்டிண்டு போங்கோ. பச்சை மரத்திலே மட்டும் கை வைக்கப்படாது."

"சரிங்க ஐயா. தீயில பட்ட மரம். அவ்ளோதானே?" என்றார் தொட்டிக்காரர்.

அந்த மூன்று வார்த்தைகளை அவர் அவ்வளவு சந்தோஷமாகத் திருப்பிச் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை.

மறுநாளே காரணம் தெரிந்தது. கேட்டுக்கு உள்ளே ஒரு பெரிய வேம்பு. தீ அதன் ஒரு பக்கத்தை மட்டும் நக்கிவிட்டுப் போயிருந்தது. மறுபக்கம் இலை இருந்தது. தொட்டிக்காரரின் ஆள் அதில் கோடாலி போட ஓங்கியபோது காவல்காரர் மரத்தை மறித்து நின்றார்.

"இது பச்ச மரம் நைனா. மேல பாரு, எல கீது."

"எலய வுடு. தீ பட்டுச்சா, இல்லியா?" என்றார் தொட்டிக்காரர். "அடி கருத்துக் கீதா, இல்லியா? ஐயா இன்னா சொன்னாரு? தீயில பட்ட மரம்னாரு. இத்த தீ தொட்டுக்கீது."

"பட்ட மரம்னா செத்த மரம்யா!"

"அது உங்க ஊட்டுல. எங்க தொட்டியில பட்டதுன்னா தொட்டது."

நான் உள்ளே போய், தீ பட்ட மரம் வேறு, பட்ட மரம் வேறு; காரியஸ்தர் சொன்னது இரண்டாவதை என்று விளக்கினேன். தொட்டிக்காரர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"வாத்தியாரே, இந்த வேம்புக்கு எலக்கணம் சொல்லிக் குடுத்தது நீதானா?"

காவல்காரர் காரியஸ்தருக்கு ஆள் அனுப்பினார். அவர் சலித்துக்கொண்டே வந்தார். "நான் சொன்னது எனக்குத் தெரியாதா?" என்றார். ஆனால் தான் சொன்னதை மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தபோது அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. கடைசியில் ஒரு முடிவு சொன்னார்:

"ஐப்பசி மழை பிடிக்கறதுக்கு முன்னாலே நானே வரேன். அடியிலேயோ கிளையிலேயோ தளிர் இருந்தா அந்த மரத்துக்கு உசிர் இருக்குன்னு அர்த்தம். அதுக்குச் சுண்ணாம்பு அடிச்சுடறேன். சுண்ணாம்பு இல்லாததெல்லாம் உமக்கு. அதுவரைக்கும் ஒருத்தரும் கோடாலியைத் தொடப்படாது."

அவர்கள் போனபின் காவல்காரர் வேம்பின் அடியிலேயே உட்கார்ந்துவிட்டார். "மரம் நின்னாதான் சார் எனக்கு வேல," என்றார். "எல்லாம் பட்டுப்போச்சின்னு வெட்டிக்கினு பூட்டா, வெறுந்தரைக்குக் காவல் எதுக்கு? குடிசையக் காலி பண்ணுன்னுடுவாரு. இந்த வயசுல ஆத்தோரமா எங்கனா போயி குந்தணும்."

அப்படியானால் சரியான எண்ணிக்கை தேவை என்று நினைத்தேன். கேட்டிலிருந்து கிணறுவரை, என் புஜத்தைவிடப் பருமனான மரங்களை எண்ணினேன். பனைகளைச் சேர்க்கவில்லை. பனை உடம்பெல்லாம் கறுத்தும் தலையில் பச்சையோடு, நடந்தது தனக்குச் சம்பந்தமில்லாதது போல நின்றது. மற்றவை அறுபத்துநான்கு. இலையோடு இருந்தவை மூன்று. மீதி அறுபத்தொன்றும் கரி.

அன்று வீட்டுக்குப் போனதும் என் மனைவி வேட்டியைப் பார்த்தாள். "சாம்பல் புதன் எப்பவோ முடிஞ்சுதுங்க," என்றாள். "அதுவும் சாம்பலை நெத்தியிலதான் பூசுவாங்க, வேட்டிக் கரையில இல்ல."

முதலில் அந்தக் காட்டில் எதுவும் இல்லை. பெரிய கட்டைகள் விழுந்து எரிந்த இடங்களில் மட்டும் சாம்பல் வெள்ளையாக, அந்தக் கட்டைகளின் நீளத்துக்கே கோடு போட்டதுபோல் கிடந்தது. ஒரு கொண்டலாத்திப் பறவை அந்தச் சாம்பலைக் குத்திக் குத்தி எறும்பு தேடியது. எரிந்த இடத்தில் எறும்பு எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. குனிந்து பார்த்தபோது, விரல் நுழையாத துளைகளிலிருந்து வரிசையாக ஏறி வந்துகொண்டிருந்தன. மேலே இவ்வளவு நடந்ததும் கீழே அவற்றுக்கு எட்டவில்லை போலிருக்கிறது.

பிறகு ஈச்சை. ஒரு சொட்டு மழை விழவில்லை. அதற்குள் கரிந்த ஈச்சங்குற்றிகளின் நடுவிலிருந்து பச்சை ஊசிகள் கிளம்பின. காவல்காரர் கிணற்று நீரை ஊற்றிக் காரியஸ்தரை ஏமாற்றப் பார்க்கிறார் என்று நினைத்து, மண்ணைக் கிளறிப் பார்த்தேன். காய்ந்து புழுதியாக இருந்தது. வாளியைப் போய்ப் பார்த்தேன். அதில் ஓட்டை. ஈச்சை தன் சொந்த முதலைப் போட்டுத்தான் துளிர்த்திருந்தது.

ஆடியில் இரண்டு மழை பெய்தது. அதற்கப்புறம் என்னால் எண்ணிக்கையோடு ஓட முடியவில்லை. கோரை எழுந்தது. சூட்டில் ஓடு வெடித்த ஆவாரை விதைகள் முளைத்தன. என் துண்டை விரித்த அளவு இடத்தில் நூற்றுப்பன்னிரண்டு கன்றுகள். சிவப்புப் பட்டுப்பூச்சிகள் ஈர மண்ணில் ஊர்ந்தன. கரிச்சான் கரிக்கிளையில் உட்கார்ந்து, கரியா பறவையா என்று தெரியாதபடி வாலை மட்டும் ஆட்டியது. ஆவணியில் கண்வலிக் கிழங்கு பூத்ததைத் தூரத்திலிருந்து பார்த்து, மறுபடி தீப்பிடித்துவிட்டது என்று வேகமாக நடந்தேன். அந்தப் பூவும் மஞ்சளில் தொடங்கிச் சிவப்பில் முடிகிறது. எரிந்த இடத்தில் அந்த நிறத்தில் வந்து நிற்பது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

மரங்களும் தளிர்த்தன. கிளையில் அல்ல, அடியில்: தரையை ஒட்டி, கறுத்த பட்டையைப் பிளந்துகொண்டு. முதலில் நுணா, பிறகு வேம்பு, பிறகு நாவல். ஆடி முடிவில் பத்தொன்பது மரங்கள். ஆவணி நடுவில் முப்பத்தெட்டு. நான் எண்ணிக்கையைச் சொன்னால் காவல்காரர் அதைக் குடிசைப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொல்வார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "அடுப்புல வைக்க அரிசி எத்தினி கீதுன்னும் எண்ணிச் சொல்லச் சொல்லு," என்பாள்.

அதன்பிறகு எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. புதிதாகத் தளிர்த்தவற்றைச் சேர்த்தும் முப்பத்தாறு, முப்பத்துமூன்று. முந்தின நாள் விரல் நீளம் தளிர் இருந்த இடத்தில் மறுநாள் வெறும் குச்சி. உட்கார்ந்து பார்த்தேன். கிள்ளியது அல்ல, ஒடித்தது அல்ல. கூரான கத்தியால் சாய்த்து வெட்டியதுபோல் ஒரே வீச்சு. பேனாவுக்கு நாணலைச் சீவினால் எப்படி இருக்குமோ அப்படி.

காவல்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "யாரோ கத்தி போட்டிருக்கான். பாருப்பா."

அவர் வெட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "நானும் பாத்துக்கினுதான் சார் கீறேன். நீ வந்துட்டுப் போன அப்பாலதான் கொறையுது."

"என்னையா சொல்ற?"

"காலங்காத்தால குடைய எடுத்துக்கினு வர்ற. ஒவ்வொரு மரத்தாண்டயும் குனியற. இன்னாவோ பண்ற. கேட்டா எண்றேன்ற. எண்றதுக்குன்னு எவனாச்சும் ஆத்தத் தாண்டி நடந்து வருவானா?"

ராவும் பகலும் இங்கேயே இருப்பவன் நீதானே, தொட்டிக்காரர் உனக்கு என்ன கொடுத்தார் என்று கேட்டேன். உனக்கு இன்னா குடுத்தாரு என்று அவர் கேட்டார். குடிசை வாசலில் அவர் மனைவி முறத்தை இறக்கி வைத்தாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணா மாம்பலம் போங்களேன். உங்க ரெண்டு பேருல யாருக்குக் குடுத்தாருன்னு அவரையே கேட்டுக்கினு வாங்க."

அன்றிலிருந்து நான் எண்ணும்போது காவல்காரர் பத்தடி தள்ளிக் கூடவே வந்தார். அவர் என்னைக் கண்காணித்தார். நான் அவரைக் கண்காணித்தேன். யாரும் மரத்தின் பக்கம் அதிகம் பார்க்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. தளிர்கள் குறைந்துகொண்டே போயின.

ஒருநாள் வெட்டுப்பட்ட நுணாவின் அடியில் புழுக்கைகள் கிடந்தன. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆடு! நேரே குடிசைக்குப் போனேன். இரண்டு ஆடுகளும் கட்டியிருந்தன. கட்டியிருந்தால் என்ன, அவிழ்க்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு பூவரச இலையில் அந்தப் புழுக்கைகளையும் மற்றொன்றில் குடிசை ஆட்டுப் புழுக்கைகளையும் வைத்து ஒப்பிட்டேன். ஆட்டினுடையது கறுப்பு, சற்று நீளம். மற்றது உருண்டை, வைக்கோல் நிறம், நசுக்கினால் நார்.

"படிச்ச மனுசன் கையில இன்னா வச்சிக்கினு கீறாரு பாரு," என்றாள் காவல்காரர் மனைவி. "சார், ரெண்டு கட்டிக் குடுக்கட்டுமா, வூட்டுக்கு எடுத்துக்கினு போறியா?"

அவள் ஆடுகள் இல்லை. அப்படியானால் தொட்டிக்காரர் ஆற்றோரத்திலிருந்து வேறு ஆடுகளை ஓட்டிவந்து மேய விடுகிறார். ஆனால் ஆடு பின்னங்காலில் நின்று எட்டிய வரை தின்னும். குடையால் அளந்தேன். வெட்டுகள் இரண்டைத் தவிர எல்லாம் என் முழங்காலுக்குக் கீழே. ஆகவே ஆடு இல்லை, மனிதன்தான். உட்கார்ந்து வெட்டுகிறான் என்று முடிவு கட்டினேன். புழுக்கை எதற்கு என்று கேட்டால், பழியை ஆட்டின்மேல் போடுவதற்காக அவனே கொண்டுவந்து போட்டது. இதை வீட்டில் சொன்னபோது என் மனைவி சிரிக்கக்கூட இல்லை. "மரத்தை எண்றதை விட்டுட்டு ஜெபமாலையை எண்ணுங்க," என்றாள். "அதுல மணி குறையாது."

புரட்டாசிக் கடைசியில், மேகம் கட்டியிருந்த ஒரு காலையில் காரியஸ்தர் வந்தார். கூடவே சுண்ணாம்புச் சட்டியோடு ஓர் ஆள். தொட்டிக்காரர் மூன்று பேரோடும் மூன்று கோடாலிகளோடும் முன்னதாகவே வந்து மதிலில் சாய்ந்திருந்தார். காவல்காரர் அன்று துவைத்த சட்டை போட்டிருந்தார். அவர் மனைவி குடிசை வாசலில் நின்றாள். சாமான்களில் பாதி மூட்டையாகக் கட்டி உள்ளே இருந்ததை நான் பார்த்தேன்.

நான் எண்ணி வைத்திருந்ததைச் சொன்னேன். இலையோடு மூன்று. தளிரோடு முப்பத்தொன்று. தளிர் வெட்டப்பட்டவை பதினான்கு. ஒன்றுமே வராதவை பதினாறு. முப்பத்துநான்கு மரங்களுக்குத் தகராறில்லாமல் சுண்ணாம்பு விழுந்தது. முதல் வெட்டுப்பட்ட நுணாவின் முன் வந்து நின்றோம்.

"இது காஞ்ச குச்சிங்க ஐயா," என்றார் தொட்டிக்காரர்.

"காய்ந்தது இல்லை. துளிர்த்ததை வெட்டியிருக்கிறார்கள்," என்றேன். "வெட்டினது யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை."

"சொல்லு வாத்தியாரே, சொல்லு! ஆவணியிலேர்ந்து நான் இந்தப் பக்கம் வர்றப்பல்லாம் மதிலுக்கு மேல குடையக் காட்டி என்னிய மொறச்சிக்கினு கீற. நான் திருடன்றியா?"

"நான் எண்ணிக்கையைத்தான் சொன்னேன்."

"எண்ணிக்கினே இரு! உன்..."

அவர் ஓரடி முன்னால் வைத்தார். பக்கத்து ஈச்சம்புதர் அதிர்ந்தது. சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று உருண்டு வந்து, தொட்டிக்காரரின் கால்களுக்கு இடையில் புகுந்து, சுண்ணாம்புச் சட்டியைத் தாண்டி ஓடியது.

"ஐயோ, இன்னாது!" என்று அவர் ஒரு கோடாலிக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"மொசலு!" என்று கத்தினார் காவல்காரர். "நைனா, மொசலு! நெருப்புக்கு அப்பால ஒண்ணு கூட கண்ல படல!"

ஈச்சம்புதரை விலக்கிப் பார்த்தோம். கோரையில் ஓர் உடம்பு படுத்த பள்ளம். சுற்றிலும் வைக்கோல் நிற உருண்டைகள். பக்கத்தில் ஒரு நுணாத் தளிர், பாதி தின்றபடி. அதன் அடியில் அதே சாய்ந்த வெட்டு, இன்னும் ஈரமாக. காரியஸ்தர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். நானும் குனிந்தேன். கத்தி இல்லை, பல்.

"நல்லா பாத்துக்கங்க ஐயா," என்றார் தொட்டிக்காரர். மூச்சு திரும்பியிருந்தது. "மொசலுக்கு நான் கூலி குடுக்கல. வாத்தியாரே, அத்தயும் மொறச்சிப் பாரு." பிறகு, வியாபாரி அல்லவா, குரலை இறக்கினார். "ஆனா ஒண்ணுங்க ஐயா. மொசலு தின்னுச்சோ, மான் தின்னுச்சோ, இப்ப தளிரு இல்ல. தளிரு இருந்தாத்தான் சுண்ணாம்புன்னு சொன்னது ஐயாதான். பேச்சு பேச்சுதானே?"

பேச்சு பேச்சுதான். பதினான்கு மரங்கள் போனால், போனவை முப்பது. கிணற்றுப் பக்கம் முழுவதும் வெட்டவெளி. காரியஸ்தர் தாடையைத் தடவினார். குடிசை வாசலில் அந்த அம்மாள் உள்ளே திரும்பி மூட்டைகளைப் பார்த்தாள்.

காவல்காரர் மெல்லத்தான் கேட்டார். "செத்த மரத்துல மொசலு இன்னாத்தங்க தின்னும்? கரியையா?"

காரியஸ்தர் முதலில் அவரைப் பார்த்தார். அப்புறம் பாதி தின்ற தளிரைப் பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டார். "அதானே! தின்னுட்டுப் போயிருக்குன்னா துளிர்த்திருக்குன்னுதானே அர்த்தம். பதினாலுக்கும் அடிச்சுடுடா."

சுண்ணாம்பு விழுந்த மரங்கள் நாற்பத்தெட்டு. "மொசலக் கூப்ட்டு சாட்சி சொல்ல வச்சிட்டாங்கப்பா," என்று தன் ஆட்களிடம் சொல்லிக்கொண்டே தொட்டிக்காரர் வெற்றிலை மடித்தார். பதினாறு மரங்களை மறுநாள் வந்து வெட்டுவதாக ஏற்பாடு. காவல்காரரின் மனைவி வாசலிலேயே உட்கார்ந்து ஒரு மூட்டையை அவிழ்த்தாள்; முறம் வெளியே வந்தது.

முயல் என்பது சரி. ஆனால் என் முழங்காலுக்கு மேலே இருந்த அந்த இரண்டு வெட்டுகளை முயல் எப்படி எட்டியிருக்கும்? அதை இன்றுவரை யாரும் எனக்கு விளக்கவில்லை.

மறுநாள் காலை, கோடாலிகள் வருவதற்கு முன், ஒரு தடவை எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்பது. திரும்ப எண்ணினேன். நாற்பத்தொன்பது. கிணற்றருகே ஒரு முதிர்ந்த பூவரசு. சந்தேகத்துக்கு இடமில்லாமல் செத்த மரம். அதைச் சுற்றிச் சுண்ணாம்பு. காரியஸ்தரின் ஆள் மட்டையால் அகலமாக அடித்திருந்தார். இது விரலால் இழுத்ததுபோல் மெலிதாக, கோணலாக இருந்தது. தொட்டேன். கையில் ஒட்டியது.

காவல்காரர் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தார். "எண்ணிட்டியா சார்?" என்றார், திரும்பாமலே. அவருடைய துவைத்த சட்டையின் கைநுனியை நான் பார்க்க முயன்றேன். அவர் தழைக்குள் கையை வைத்திருந்தார்.

தொட்டிக்காரர் வந்தார், வெட்டினார், வண்டியில் ஏற்றினார். மாலையில் என் முன்னால் வந்து நின்றார். நான் அன்று வழக்கத்துக்கு மாறாக இரண்டாம் தடவையும் நடக்கப் போயிருந்தேன்.

"பதினாறுன்னியே வாத்தியாரே. பதினஞ்சுதான் கீது. நீ எண்ணுனா தப்பாதே?" கிணற்றுப் பக்கம் கையைக் காட்டினார். "அந்தப் பூவரசு செத்த மரமாட்டம் கீது?"

"அது சுண்ணாம்பு பட்ட மரம்," என்றேன். "உங்க தொட்டியில பட்டதுன்னா தொட்டதுன்னுதானே அர்த்தம்?"

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வண்டியில் ஏறினார். அடுத்த மாதம் அவர் தொட்டியிலிருந்து வந்த விறகு முன்னைவிட ஈரமாக இருந்தது. அது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

அந்த மார்கழியில் ஒரு மரங்கொத்தி பூவரசைத் தட்டித் துளை போட்டது. மாசியில் அந்தத் துளையைக் கிளிகள் எடுத்துக்கொண்டன. பூசை முடிந்து போய் நின்றால் குஞ்சுகளின் சத்தம் கேட்கும். காவல்காரரும் தழைக்கட்டைக் கீழே போட்டுவிட்டு வந்து, பத்தடி தள்ளி நிற்பார்.

"எத்தினி சார்?"

சொல்ல முடியவில்லை. ஒரு தலை வெளியே வரும். அது உள்ளே போனதும் இன்னொரு தலை வரும். இரண்டு என்று அவரிடம் சொன்னேன். ஆனால் இரண்டும் சேர்ந்து நீட்டி நான் ஒருநாளும் பார்க்கவில்லை. ஒரே குஞ்சுதான் எங்களைப் பார்ப்பதற்காக இரண்டு தடவை வந்து போகிறதோ என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.